ராக்கெட் கிளம்பாத நாட்களில் என்ன வேலை?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன், ஊர் சங்கரன்கோவில் பக்கம். இதுவரை சி.ஜி.பி.ஏ. 7.2. சந்திரயான்-3 இறங்கியதை ஹாஸ்டலில் எல்லோரும் கூடிப் பார்த்த நாளிலிருந்து, வேலை என்றால் விண்வெளித் துறையில்தான் என்று மனதில் இருக்கிறது. அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார். உள்ளே வேலை உண்மையில் எப்படி இருக்கும்? ஏரோஸ்பேஸ் படிக்காதது குறையா? இஸ்ரோவா, ஸ்டார்ட்அப்பா?

பதில்: நீங்கள் டி.வி.யில் பார்த்தது வருடத்துக்குச் சில நாள் நடப்பது. மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதுவும் பிடிக்கிறதா என்று பாருங்கள். நான் ராக்கெட் எஞ்சின் சோதனை மேடைகளில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். அதனால் நான் சொல்வது அந்தப் பக்கத்துப் பார்வை. செயற்கைக்கோள் கட்டுகிறவரைக் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வார்.

உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மகேந்திரகிரியையே, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையத்தையே, எடுத்துக்கொள்வோம். சந்திரயான்-3ஐச் சுமந்துபோன ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருந்தது சி.இ.-20 என்கிற கிரயோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது. அதை 2023 பிப்ரவரி 24 அன்று அங்கேதான் எரித்துப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? 25 விநாடி. காபி ஆற்றுகிற நேரம்கூட இல்லை. அந்த 25 விநாடிக்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் எஞ்சினியரின் வேலை.

அந்த எஞ்சினுக்குத் தீனி திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும், ஆக்சிஜன் மைனஸ் 183. வெயிலில் காய்ந்துகிடக்கும் குழாயில் இதை அப்படியே திறந்துவிட்டால், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கதைதான். கொதித்து ஆவியாகிவிடும், எஞ்சினுக்குத் திரவம் போய்ச் சேராது. ஆகவே குழாய், வால்வு, பம்ப் எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் குளிரவைக்க வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் காற்றை ஹீலியத்தால் விரட்டியிருக்க வேண்டும். ஏன் ஹீலியம்? மைனஸ் 253இல் காற்றே உறைந்து கல்லாகிவிடும், ஹீலியம் உறையாது. உறைந்த காற்றுத் துணுக்கு ஒன்று வால்வில் போய் உட்கார்ந்தால் போதும், வேலை கெட்டுவிடும். குளிர்ந்ததும் உலோகம் சுருங்கும், நேற்று இறுக்கமாக இருந்த இணைப்பு இன்று கசியப் பார்க்கும். இதற்கெல்லாம் வரிசை எழுதி, அந்த வரிசையை நாலு பேர் படித்து, ஒத்திகை பார்த்து, அப்புறம்தான் கவுண்ட்டவுன். 25 விநாடி முடிந்ததும் நூற்றுக்கணக்கான உணரிகளின் அளவுகள் கைக்கு வரும். ஒவ்வொன்றும் ஒரு கோடு. எந்தக் கோடு ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

என் கதை ஒன்று. சேர்ந்து இரண்டாவது வருடம். சிறிய எஞ்சின் ஒன்றின் சோதனை நன்றாக முடிந்தது, எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம். மறுநாள் காலை பார்த்தால், எரிஅறை அழுத்தத்தின் கோடு குளிர்ஜுரம் வந்தவன் கை மாதிரி நடுங்கியிருக்கிறது. எரிஅறையில் அப்படி நடுக்கம் நிஜமாகவே இருந்தால் எஞ்சின் ஒருநாள் வெடிக்கும். எங்கள் சீனியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நடுங்குறது எஞ்சினா, நீயா?"

பத்தொன்பது நாள் ஆயிற்று. நடுங்கியது நான்தான். அழுத்த உணரியைச் சூட்டிலிருந்து தள்ளி வைக்கலாமே என்று, எஞ்சினுக்கும் உணரிக்கும் நடுவே போகும் சின்னக் குழாயை ஒன்றரை அடி நீட்டியிருந்தேன். நீளக் குழாய்க்குள் இருக்கும் வாயு புல்லாங்குழலில் போல் தன்பாட்டுக்கு அதிர்ந்திருக்கிறது. எஞ்சின் பாவம், ஒழுங்காகத்தான் எரிந்தது. குழாயின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வரும் அதிர்வெண்ணும், கோட்டில் தெரிந்த அதிர்வெண்ணும் ஒத்துப்போயின. அதோடு விடவில்லை. அதே குழாயை லேபில் மாட்டி, சட்டென்று ஒரு அழுத்த அதிர்ச்சி கொடுத்து, அதே நடுக்கம் வருகிறது என்று காட்டிய பிறகுதான் கமிட்டி ஒப்புக்கொண்டது. நாற்பது பக்க அறிக்கை. சாரம் ஒரே வரி: குழாயைக் குட்டையாக்கவும். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் குழாயை நீட்டியதை எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டதற்கு மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எழுதுவது என்றதும் ஞாபகம் வருகிறது. வேலையில் பாதி பேப்பர்தான். எந்த போல்ட், எந்த பேட்ச், டார்க் ரென்ச்சில் எத்தனை நியூட்டன் மீட்டர், முடுக்கியவர் யார், பக்கத்தில் நின்று பார்த்தவர் யார், இரண்டு கையெழுத்து. கையெழுத்து இல்லாத போல்ட்டை முடுக்காத போல்ட்டாகத்தான் எண்ணுவோம். கழற்றி மறுபடி முடுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது சிவப்புநாடா மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அது ஏன் என்று விளங்க 2021 ஆகஸ்ட் 12ஐப் பாருங்கள். ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 ராக்கெட், விடிகாலையில் கிளம்பியது. முதல் கட்டம் சரி, இரண்டாம் கட்டம் சரி. மேலே இருந்த கிரயோஜெனிக் கட்டம் பற்றவே இல்லை, இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோள் போயிற்று. எஞ்சினில் கோளாறு இல்லை. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு வால்வு கசிந்திருக்கிறது. அதனால் பற்றவேண்டிய நேரத்தில் தொட்டியில் போதிய அழுத்தம் இல்லை. அந்த வால்வுக்குள் இருக்கும் மென்மையான சீல் சேதமாகியிருக்கும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. சேதத்துக்கு அவர்கள் சொன்ன சாத்தியங்கள்: வால்வு திறந்து மூடியதில் வந்திருக்கலாம், தூசு துரும்பு புகுந்திருக்கலாம், அந்தக் குளிரில் பொருத்திய இடத்தில் இழுவிசை வந்திருக்கலாம். உடைந்த பொருள் கடலில் கிடக்கும்போது காரணம் தேட கையில் இருப்பது அந்தக் கோடுகளும் பேப்பரும்தான். பழைய சோதனைத் தாள்களை எடுத்து, அந்த வால்வை யார் எப்போது தொட்டார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள்.

அடுத்து, ரிவ்யூ. உங்கள் வடிவமைப்பை ஒரு கமிட்டி முன்னால் வைப்பீர்கள். அதில் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர் இருப்பார், ரிட்டையரான பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பதினேழாவது ஸ்லைடில் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று அவர்தான் கேட்பார். அந்த இடத்தில் "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல நா எழவேண்டும். கல்லூரி வைவாவில் எதையாவது சொல்லிச் சமாளித்துப் பழகிய கெட்டிக்காரர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். என் அனுபவத்தில், இந்த வேலையை விட்டுப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கு வராமல் போகவில்லை. ரிவ்யூ பிடிக்காமல் போனார்கள்.

இன்னொரு கசப்பும் உண்டு, வேலை குறுகலாக இருக்கும். ராக்கெட் முழுவதும் உங்கள் கையில் வராது. ஒரு வால்வு, ஒரு பிராக்கெட், ஒரு கட்டத்தின் வெப்பக் கணக்கு என்று நாலைந்து வருடம் போகலாம். தொழில்நுட்பமும் எல்லாம் புத்தம் புதிது என்று நினைக்க வேண்டாம். இஸ்ரோ ராக்கெட்டுகளில் 2009 முதல் பறப்பது விக்ரம் 1601 என்ற 16 பிட் சிப். உங்கள் போனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது எங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். அந்தத் தெரிதலுக்குத்தான் மதிப்பு. ஐ.டி.யில் இருக்கும் நண்பன் மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ் பற்றிப் பேசுவான். நீங்கள் மூன்று வருடமாக அதே வால்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

லாஞ்ச் சமயத்தில் தூக்கம் இல்லை, வீட்டு விசேஷம் இல்லை. அதில்கூட உத்தரவாதம் கிடையாது. சந்திரயான்-2 கிளம்ப வேண்டியது 2019 ஜூலை 15 அதிகாலை. 56 நிமிடம் 24 விநாடி பாக்கி இருக்கையில் கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். ஜனாதிபதியே பார்க்க வந்திருந்த நாள். அந்த இடத்தில் ஒரு அளவைப் பார்த்து "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்வதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, அதே ராக்கெட் ஒழுங்காகப் போயிற்று.

சரி, உங்கள் மற்றக் கேள்விகள்.

ஏரோஸ்பேஸ் படிக்காதது குறையே இல்லை. இஸ்ரோவின் மத்திய ஆள்சேர்ப்பில் வழக்கமாக வருவது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல், மெக்கானிக்கல் டிப்ளமாவில் தொடங்கியவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அவரும் மெக்கானிக்கல் டிப்ளமாதான். வேலையில் சேர்ந்த பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரயோஜெனிக்ஸ் படித்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜிக்குச் செங்கோட்டை. உங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

'சயின்டிஸ்ட்/எஞ்சினியர் எஸ்.சி.' (எஸ்.சி. என்பது இங்கே பதவி நிலையின் பெயர், இடஒதுக்கீட்டுப் பிரிவு இல்லை) பதவிக்குப் பி.இ.யில் 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ. கேட்பார்கள். உங்கள் 7.2 போதும், கடைசி செமஸ்டரில் கோட்டை விடாமல் இருந்தால் சரி. எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், மேலே டி.ஏ.வும் வீட்டு வாடகைப் படியும். வயது வரம்பை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அண்மைக்கால அறிவிப்புகளில் பொதுப்பிரிவுக்கு 28. கேட் (GATE) என்கிற எஞ்சினியரிங் தகுதித் தேர்வின் மதிப்பெண் வைத்து எடுக்கும் அறிவிப்புகளும் வருவதால் கேட் எழுதுவது வீண்போகாது.

ஸ்டார்ட்அப் என்றால் சென்னையில் அக்னிகுல், ஹைதராபாத்தில் ஸ்கைரூட், பெங்களூருவில் பிக்ஸல் என்று இப்போது வழி இருக்கிறது. ஸ்கைரூட் 2022 நவம்பரில் விக்ரம்-எஸ் என்ற ராக்கெட்டை ஏவியது. அக்னிகுல், 3டி பிரின்டரில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினை வைத்து, பல ஒத்திவைப்புகளுக்குப் பிறகு 2024 மே 30 அன்று ஏவிக் காட்டியது. அங்கே ஆள் குறைவு. ஆகவே ஒரே வருடத்தில் வடிவமைப்பு, வாங்குதல், பொருத்துதல், சோதனை எல்லாம் உங்கள் கைக்கு வரும். வேகம் பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் முதலீட்டாளரின் பணம் வற்றினால் வேலையும் வற்றும். வீட்டில் கடன் இருந்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 22 வயதாக இருந்தால் இஸ்ரோ தேர்வை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை ஸ்டார்ட்அப்பில் கையை அழுக்காக்கிக்கொள்வேன். இது என் ருசி.

அமெரிக்கா போய் ராக்கெட் கம்பெனியில் சேரலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: ராக்கெட் அங்கே ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருகிறது. பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. போன பிறகு தெரிந்துகொண்டு விழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இந்த வருடம் கையில் இருப்பது உங்கள் ப்ராஜெக்ட். அதை அலங்காரமாக முடிக்கப் பார்க்காதீர்கள். எதையாவது அளந்து, அளவு கணக்கோடு ஒத்துவராத இடத்தைக் குறித்துவைத்து, ஏன் வரவில்லை என்று தேடுங்கள். காரணம் கிடைத்தால் அதே தவறைத் திரும்பச் செய்து காட்டுங்கள். நான் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்திருந்தபோது விடாமல் கேட்டது ஒன்றுதான்: "உன் ப்ராஜெக்ட்டில் எது சொதப்பியது?" எல்லாம் நன்றாகப் போனது சார் என்பவர்களுக்கு அடுத்த கேள்வி கேட்க எனக்கு ஆர்வம் வராது.

அப்பாவிடம் சண்டை வேண்டாம். தேதி மோதாதவரை பேங்க் பரீட்சையையும் எழுதிவையுங்கள்.