நன்னடத்தை அலுவலராக எந்தப் பட்டப்படிப்பு உதவும்?

மன்னார்குடியில் பிளஸ் டூ முடித்த தங்கள் மகள், நன்னடத்தை அலுவலராவதற்கு எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் தேர்வு சமூகப்பணி; அடுத்தது உளவியல்.

காரணம், வேலையின் தன்மையே. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றம் செய்தவரின் குடும்பச் சூழலை நேரில் விசாரித்து நீதிமன்றத்திற்கு அறிக்கை அளிப்பதும், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டவரைக் கண்காணித்து வேலை தேடிக்கொள்ளத் துணைநிற்பதும் இவ்வலுவலரின் கடமைகள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் முதலில் இளைஞர் நீதி வாரியத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கையைக் கோருகிறது. சம்பா அறுவடை முடிந்ததும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குச் சென்றுவிடும் கூலிக் குடும்பத்தின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை, அக்குடும்பத்தை அவமதிக்காமல் கேட்டறியும் பயிற்சி சமூகப்பணிப் படிப்பின் களப்பணியில்தான் கிடைக்கிறது. அந்த அறிக்கையில் ஒரு மனிதரின் எதிர்காலம் அடங்கியிருப்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் பிஷப் ஹீபர் கல்லூரியிலும் சமூகப்பணி முதுகலை உண்டு. குற்றவியலை விரும்பினால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நல்ல இடம். இப்பணியிடங்கள் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வில் இடம்பெறுவதால், கல்லூரி நாட்களிலேயே அரசியலமைப்பையும் பொது அறிவையும் சேர்த்துப் படிப்பது அவசியம். கல்வித்தகுதியை அவ்வப்போதைய அறிவிக்கையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.