ஊட்டி ரயிலை இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்கினாலே நமக்கு வரும் கடிதங்களில் பாதி ஊட்டியைப் பற்றித்தான். இந்த முறை மலை ரயில் கேள்விகளை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தேன். "எப்போ டிக்கெட் கிடைக்கும்" வகைக் கடிதங்களே இருபதுக்கு மேல் இருக்கும், அவற்றுக்கெல்லாம் கடைசியில் ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறேன்.

கே: பாரம்பரிய நீராவி ரயில் பயணம் என்று சொல்லி ஒரு டூர் கம்பெனி எங்களிடம் பணம் வாங்கியது. வேனில் குன்னூர் வரை கூட்டிப்போய் அங்கே ரயிலில் ஏற்றினார்கள். ஊட்டி வரை போனோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரயிலில் இருந்தது டீசல் இன்ஜின். ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, ஈரோடு

ப: பாதி ஏமாந்தீர்கள். நீங்கள் போனது அசல் நீலகிரி மலை ரயில்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டரில் இரண்டு வேறு ரயில்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை நீராவி. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊட்டி வரை அதுதான். கேத்திப் பள்ளத்தாக்கு அழகு, யூகலிப்டஸ் வாசம் அழகு, எல்லாம் சரி. ஆனால் 16 சுரங்கங்களில் பெரும்பாலானவை, செங்குத்தான பாறை, கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும் பாலங்கள், இந்த ரயிலுக்கென்றே இருக்கும் பல்தண்டவாளம், இவையெல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கின்றன. உங்கள் டூர்காரர் அதை விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டியிருக்கிறார். குன்னூர்–ஊட்டி வண்டிகள் ஒரு நாளைக்குப் பல உண்டு, இடமும் சுலபமாகக் கிடைக்கும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது "ஹெரிடேஜ்" என்று ஆரம்பித்தால், எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோம் என்பதை மட்டும் கேளுங்கள்.

கே: பல்தண்டவாளம், பல்சக்கரம் என்கிறார்களே, அது எப்படித்தான் வேலை செய்கிறது? என் ஏழாம் வகுப்புப் பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், திருப்பூர்

ப: பையனிடம் முதலில் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். இந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 12-க்கு 1. அதாவது பன்னிரண்டு மீட்டர் முன்னால் நகர்ந்தால் ஒரு மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். சாலையில் கார் இதைச் சாதாரணமாக ஏறிவிடும், ஏனென்றால் ரப்பர் டயர் தார்ச்சாலையைப் பிடித்துக்கொள்ளும். ரயிலுக்கோ வழவழப்பான இரும்புச் சக்கரம், வழவழப்பான இரும்புத் தண்டவாளம். மழையோ பனியோ பட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ரம்பம் போலப் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளை ஒட்டி ஒட்டிப் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் இவற்றைக் கவ்வி ஏறும். பற்கள் மாறி மாறி இருப்பதால் பிடி எந்த நொடியிலும் முழுதாக விடுபடாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது, இந்தியாவில் இன்று இப்படி ஓடும் பயணிகள் ரயில் இது ஒன்றுதான்.

இன்ஜினிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். கல்லாறு தாண்டி பல்தண்டவாளத்தில் ஏறியதும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அவற்றைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். வேலை முடிந்த ஆவியிலேயே இன்னொரு வேலை, நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியைக் குடிப்பது மாதிரி. அந்த இடத்தில் வண்டி மெதுவாகி, ஒரு சின்னக் குலுக்கலுடன் சத்தமே மாறும். பையனை அந்த நேரத்தில் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், காதால் கேட்க வேண்டிய சமாச்சாரம் அது. அதற்கப்புறம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம்தான். சைக்கிள்காரர் முந்திவிடுவார், இந்த ஏற்றத்தில் மிதிக்க முடிந்தால்.

கே: எல்லா ரயிலையும் இன்ஜின் முன்னாலிருந்து இழுக்கிறது. இது மட்டும் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

ப: இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், பதில் வந்துவிடும். இழுத்துக்கொண்டு போகும்போது கொக்கி விட்டால் பெட்டிகள் தனியாகக் கீழே ஓடும். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருந்தால் பெட்டிகள் அதன் மேல் சாய்ந்து நிற்கும். இறங்கும்போதும் இதே ஏற்பாடு, அப்போது இன்ஜின் முன்னால் போய் வண்டியைத் தாங்கிக்கொண்டு இறங்கும். சிலிண்டர்களையே காற்றை அமுக்கும் பம்பு மாதிரி வேலை செய்யவைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள்.

ஏறும்போது ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாதே என்று அடுத்து கேட்பீர்கள். உண்மைதான். அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர்தான் வண்டிக்கே கண். பாதையில் கல் கிடந்தாலும் யானை நின்றாலும் முதலில் பார்ப்பவர் அவர், அவர் காட்டும் கொடி பெட்டி பெட்டியாகப் பின்னால் போய் ஓட்டுநரைச் சேரும். மழையில் நனைந்துகொண்டு, கையில் பிரேக்கைப் பிடித்தபடி அவர் நிற்க, பின்னால் கண்ணாடிக்குள் உட்கார்ந்து நாம் செல்ஃபி எடுக்கிறோம். செல்ஃபிக்காக அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

கே: இப்போது ஓடுவது பழைய இன்ஜினே இல்லை, புதிதாகச் செய்தது என்கிறார்களே. அப்படியானால் இது என்ன பாரம்பரியம்?
– வாசகர், சென்னை

ப: நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலான கேள்வியும்கூட. 'எக்ஸ்' வகை என்று அழைக்கப்படும் இந்த இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில், 1914-இலிருந்து 1952 வரை பல தவணைகளில் செய்யப்பட்டவை. வயதாகி ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வந்தன. புதிது வாங்கலாம் என்றால் செய்து கொடுக்க ஆளில்லை. அப்புறம் 2010-களில் திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் அதே வடிவத்தில் தாங்களே செய்து இறக்கினார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிவது. அதற்கும் பிறகு நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்தார்கள். பெட்டிகளிலும் பெரம்பூர் ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலை செய்த புதியவை உண்டு.

எனக்கு இதில் வருத்தமே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் நூறு வயது இன்ஜினைவிட, அதே மாதிரியில் பொன்மலையில் செய்து, குன்னூர் ஷெட்டில் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து ஓடவிடும் இன்ஜின்தான் எனக்கு மேல். தேருக்குச் சக்கரம் மாற்றினால் தேர் வேறாகிவிடுமா? மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தது 1899-இல், ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல். அந்தப் பாதையும் அந்தப் பல்லும் அங்கேயேதான் இருக்கின்றன. யுனெஸ்கோ 2005-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கே: டார்ஜிலிங்கா, ஊட்டியா?
– வாசகி, பெங்களூரு

ப: மலையைப் பார்க்க டார்ஜிலிங், ரயிலைப் பார்க்க ஊட்டி. டார்ஜிலிங்கில் பல்தண்டவாளம் கிடையாது. இரண்டடி அகலப் பாதையை வளையம் போட்டும், முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போயும் ஏற்றிவிட்டார்கள், 1881-லேயே. சக்கரம் வழுக்காமல் இருக்க இன்ஜின் முன்னால் ஆள் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவுவார். அதைப் பார்ப்பதற்காகவாவது ஒரு முறை போகலாம்.

கே: வெளிநாட்டில் நம் ஊட்டி ரயில் மாதிரி பழையதைச் சரிசெய்து ஓட்டுகிறார்களா? மகன் சூரிச்சில் இருக்கிறான், போகலாம் என்று இருக்கிறோம்.
– வாசகர், மதுரை

ப: சூரிச் போகிறீர்கள் என்றால் ஃபுர்கா நீராவி ரயிலை விடாதீர்கள், அது நம் ரயிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதே ஆப்ட் பல்தண்டவாளம், இன்ஜினும் அதே வின்டர்தூரில் செய்தது. மலைக்கு அடியில் புதிய சுரங்கம் வரவிருந்ததால் 1981-இல் பழைய மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ரயில் கிறுக்குப் பிடித்த தொண்டர்கள் கூடிப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, 2010-இல் ரியால்ப் முதல் ஓபர்வால்ட் வரை முழுதாக ஓட்டினார்கள்.

பாதை இருக்கிறது, இன்ஜினுக்கு எங்கே போவது? அங்கே ஓடிய பழைய இன்ஜின்கள் 1947-இல் வியட்நாமின் டா லாட் மலை ரயிலுக்கு விற்கப்பட்டிருந்தன. போரில் அந்தப் பாதையும் நின்றுபோய், இன்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-இல் தேடிப்போய் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: ஷ்டெஃபன்பாக் என்ற ஓடையின் மேல் உள்ள பாலத்தை, பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு ஆண்டும் மடித்து வைத்துவிட்டு, வெயில் வந்ததும் விரிக்கிறார்கள். குளிர்காலத்தில் ரயில் கிடையாது, அதனால் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உச்சி ஸ்டேஷன் ஏறத்தாழ ஊட்டி உயரம்தான், ஆனால் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை.

கே: டிக்கெட் எப்படி, எப்போது, எந்தப் பக்கம்?
– இருபதுக்கும் மேற்பட்ட வாசகர்கள்

ப: மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி, நண்பகல் வாக்கில் ஊட்டி. முன்பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள், ஏப்ரல், மே என்றால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் நேரம் சரியாக இருக்கும். ஏறும்போது கிடைக்கவில்லையா, மதியம் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பும் வண்டியில் இறங்கிப் பாருங்கள், கூட்டம் கொஞ்சம் குறைவு, நேரமும் ஒரு மணிக்கு மேல் மிச்சம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திட்டம் போடாதீர்கள், மண் சரிந்து நாள்கணக்கில் ரத்தாகும். பக்கம் என்றால், குன்னூர் வரை இடது பக்கம் உட்காருங்கள் என்பேன், கிடைக்காவிட்டால் சண்டை போட வேண்டாம், வளைவுகள் இருநூற்றுக்கு மேல், எல்லாப் பக்கத்துக்கும் முறை வரும். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும், நீங்களும் இறங்கி டீ குடிக்கலாம். வடையை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அங்கே உள்ள குரங்குகளுக்கு இந்த வண்டியின் நேரம் ரயில்வேயைவிட நன்றாகத் தெரியும்.