ஓ-யு-ஜி-ஹெச்: கேளுங்கள், சொல்கிறேன்

டீச்சர், ஆங்கிலத்தில் இருமல் 'காஃப்', பிசைந்த மாவு 'டோ', மரக்கிளை 'பௌ'. எல்லாவற்றிலும் அதே ஓ-யு-ஜி-ஹெச். சத்தம் மட்டும் ஏன் மாறுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள 'க' தொண்டையில் உரசி மெலிந்து வருகிறதல்லவா? அதைக் கொஞ்சம் அழுத்தினால் வரும் ஒலிதான் அந்த ஜி-ஹெச். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஹெச் மட்டும் போட்டார்கள். பிரான்சிலிருந்து நார்மானியர் வந்த பிறகு ஜி-ஹெச் பரவியது. அப்புறம் இங்கிலாந்தில் பெரும்பாலோர் வாயிலிருந்து அந்த ஒலியே போய்விட்டது. 'டோ', 'ஆனாலும்' என்னும் 'தோ' போன்றவற்றில் சுவடில்லாமல் மறைந்தது. 'காஃப்', கடினம் என்னும் 'டஃப்', போதும் என்னும் 'இனஃப்' ஆகியவற்றில் 'ஃப்' ஆனது. உயிரொலிகளும் இடம் மாறின. 1476இல் காக்ஸ்டன் என்பவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகம் வைத்த பிறகு எழுத்து மெல்ல உறைந்தது, பேச்சு நகர்ந்துகொண்டே போனது.

ஏதாவது ரூல் உண்டா?

பின்னால் 'டி' வந்தால் பெரும்பாலும் 'ஆட்': எண்ணம் 'தாட்', வாங்கினேன் 'பாட்'. ஆனால் வறட்சி 'ட்ரௌட்'. மற்றதற்கு ரூல் இல்லை. எழுத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அகராதிச் செயலியில் ஸ்பீக்கர் படத்தை அழுத்திக் கேளுங்கள்.

'த்ரூ', 'தரோ' இரண்டும் எனக்குக் குழம்புகிறது.

பிறப்பில் ஒரே சொல்தான். இன்று 'த்ரூ' என்றால் ஊடாக, 'தரோ' என்றால் முழுமையான. ஆபீஸ் மெயிலில் ஒன்றுக்கு மற்றொன்றை அடித்தால் ஸ்பெல்செக் பெரும்பாலும் விட்டுவிடும், இரண்டும் சரியான சொற்கள் ஆயிற்றே. அனுப்புமுன் கண்ணால் பாருங்கள்.

விக்கலுக்கும் ஓ-யு-ஜி-ஹெச் போடலாமா?

இருமலோடு உறவு என்று தவறாக நினைத்து நுழைத்த எழுத்து அது. எப்படி எழுதினாலும் 'ஹிக்கப்' என்றே படிக்க வேண்டும். யு-பி போட்டு எழுதுங்கள்.

சுலபமான ரூல் சொல்லுங்கள் டீச்சர்.

மேலே இருக்கிறது. ஸ்பீக்கரை அழுத்துங்கள்.

என்ன மொழி இது! தமிழில் எழுதியபடியே படிக்கலாம்.

படிக்க முடியாது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது?

அப்போ தமிழும் ஆங்கிலமும் ஒன்று என்கிறீர்களா?

இல்லவே இல்லை. தமிழ்ச் சொற்களில் 'க' நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். இரட்டித்தால் ஒன்று, 'ங்'குக்குப் பின் ஒன்று. ஓ-யு-ஜி-ஹெச்சில் அந்த வசதி இல்லை. குறை சொல்லுங்கள், சரியான குறையைச் சொல்லுங்கள்.

அமெரிக்கர்கள் கலப்பைக்கு ஓ-டபிள்யூ போட்டுத் திருத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் திருத்தினால் என்ன?

கலப்பைக்குச் சரி. ஆனால் யார் வாய்ப்படி திருத்துவது? இரவு என்னும் 'நைட்'டை ஸ்காட்லாந்தில் அந்தப் பழைய ஒலியோடு 'நிஹ்ட்' என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனில் அது 'நஹ்ட்'. ஜி-ஹெச்சை எடுத்துவிட்டால் அந்த உறவு கண்ணுக்குத் தெரியாது. எடுக்க எனக்கு மனசு வராது.





லண்டன் பக்கத்து ஊர் 'ஸ்லஃப்'பா, 'ஸ்லௌ'வா?

ஊர் 'ஸ்லௌ'. பாம்பு சட்டை உரித்தால் 'ஸ்லஃப்'. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.