பறவை பார்க்கும் பெண்ணுக்கு யாரிடம் வழி கேட்பது?

அம்மா, பறவை பார்ப்பதையே படிப்பாகவும் வேலையாகவும் ஆக்கிக்கொள்ள நினைக்கும் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கத்துக்குக் கவலை, கடைசியில் இரண்டே வரிகளில் விஷயம். அந்த இரண்டு வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். "கொடைக்கானல்ல பெரியம்மா வீட்டுக்குப் போனப்ப, நம்ம ஊர் சிரிப்பான் வேற, இது வேறன்னு ஒரு வாரம் அதையே பேசிட்டிருந்தா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் சொன்னது சரிதான். நீலகிரி சிரிப்பான் என்ற பறவை உலகத்திலேயே நம் மலையில் மட்டும்தான் இருக்கிறது. பழனி மலையில் இருப்பது வேறு இனம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். மேல்மலைக் குளிரில் வாழும் அந்தப் பறவை அவ்வளவு தாழ்ந்த, சூடான இடத்தைத் தாண்டுவதில்லை. இதைப் பரீட்சைக்காக யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தானே பார்த்துப் பிரித்திருக்கிறாள். அதனால் "வெறும் பொழுதுபோக்கு" என்று தள்ளிவிடாதீர்கள்.

"இதுல சோறு கிடைக்குமா?" என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். கிடைக்கும், ஆனால் கம்ப்யூட்டர் வேலைச் சம்பளம் கிடைக்காது. ஆரம்பத்தில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலைகள்தான் அதிகம். பட்டப்படிப்புக்கு விலங்கியலோ தாவரவியலோ எடுக்கட்டும். பின்னால் இந்திய வனப் பணித் தேர்வு எழுத நினைத்தாலும் அந்தப் பட்டம் செல்லும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல். இரண்டுமே பஸ் தூரம்தான். படிப்பு விஷயம் இவ்வளவே.

யாரை நம்பிக் கேட்பது என்பதில்தான் நீங்கள் தடுமாறுகிறீர்கள். நானும் தடுமாறியிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் பளபளப்பான ஒரு கையேட்டைப் பார்த்துவிட்டு, சுற்றுச்சூழல் என்று பெயரில் இருந்த ஒரு படிப்பில் ஒரு பையனைச் சேரச் சொன்னேன். மூன்று வருஷத்தில் அவன் ஒரு காட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை. அதிலிருந்து சேர்க்கை நடத்துபவர்களிடம் வழி கேட்பதை விட்டுவிட்டேன். அந்த வேலையையே செய்கிற அமைப்புகளையும், காசு வராவிட்டாலும் அதைச் செய்துகொண்டிருக்கிற ஆர்வலர்களையும் தேடிப் போகிறேன்.

அமைப்புகளுக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கோத்தகிரியிலேயே கீஸ்டோன் அறக்கட்டளை இருக்கிறது. தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு 1990களிலிருந்து வேலை செய்கிறார்கள். ஊட்டியில் நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கம். அது 1877இல் வேட்டைக்காரர்கள் தொடங்கியது என்றால் உங்கள் மகள் நம்ப மாட்டாள்! கொடைக்கானல் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது விசாரிக்க, 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு. கோவை பக்கம் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவையியல் மையம்.

இவர்கள் வெளியிடுவதில் அழகான புலிப் படத்தைப் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். ஆண்டறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் ஆள் தேவை என்று போடும் அறிவிப்புகளில் பத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். வரைபட மென்பொருள் தெரிந்தவர், புள்ளியியல் தெரிந்தவர், ஊர் மக்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் என்று கேட்டிருப்பார்கள். இன்னும் மூன்று வருஷத்தில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது. படுகர்களின் படகா மொழியும் தமிழும் பேசும் பெண்ணுக்கு அந்தக் கடைசித் தகுதி பாதி கையில் இருக்கிறது.

ஆர்வலர்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கேமராவின் விலையை வைத்து ஆளை எடை போடாதீர்கள். என் கணக்கு இது: தேதி, நேரம், இடம், எண்ணிக்கை என்று குறிப்பு வைத்திருக்கிறாரா? "இது என்ன பறவைன்னு சரியாத் தெரியலை" என்று வாய்விட்டுச் சொல்வாரா? அப்படியானால் அவரிடம் கற்கலாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்துப் படம் எடுப்பவர், கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்பவர், இவர்கள் எவ்வளவு பெயர் பெற்றவர்களாக இருந்தாலும் வேண்டாம்.

நல்லவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இ-பேர்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இணையதளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடம் 2002இல் தொடங்கியது, இலவசம். அவள் போடும் பட்டியலில் தப்பு இருந்தால், சரிபார்ப்பவர் ஒருவர் "இதை எப்படி அடையாளம் கண்டீர்கள்?" என்று எழுதிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பழகுவது பெரிய பயிற்சி. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளட்டும். உங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலேயே கால் மணி நேரம் நின்று எண்ணலாம், எங்கும் தென்படும் செம்மீசைச் சின்னானைத்தான் எண்ணினாலும் சரி. விடியற்காலையில் மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். கரடியும் காட்டெருமையும் எந்தப் பக்கம் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பைனாகுலர் வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாதம் பார்க்கட்டும். வாங்குவதானால் 8க்கு 42 என்று கேளுங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். 10 மடங்கு பெரிதாக்குவது கையில் ஆடும், சோலைக்குள் இருட்டாகவும் தெரியும். தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் நாலைந்தைச் சேர்த்துப் போட்டு வையுங்கள்.