நிலத்தை விற்று டாக்டர் சீட் வாங்க வேண்டாம்

ஐயா, நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை, நிலத்தை விற்றாவது தனியாரில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு என்று அண்ணன் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் விற்காதீர்கள், கடனும் வாங்காதீர்கள். கொரோனா தடுப்பூசி செல்லுக்குள் எப்படிப் போகிறது என்று மகள் ராத்திரியெல்லாம் தேடிப் படிக்கிறாள் என்பதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அந்தக் கேள்விக்கென்றே நானோ மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறது. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பை, சுமந்து போனது கொழுப்பாலான நானோ துகள், கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உருண்டை. அதற்கு முன்பே, 2018-ல், இப்படிப்பட்ட துகளில் வைத்த பாட்டிசிரான் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது.

இந்தத் துகளைச் செல் எப்படி விழுங்குகிறது என்று லேபில் கையால் செய்து பார்க்கலாம். செல்களை 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வளர்ப்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்களைச் சேர்த்து, ஒரு தட்டை 37 டிகிரியிலும் இன்னொன்றை 4 டிகிரியிலும் வைப்பார்கள். குளிரில் செல்லால் ஆற்றல் செலவழித்து விழுங்க முடியாது. ஆகவே 4 டிகிரித் தட்டில் தெரியும் ஒளி பெரும்பாலும் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பது. துகள் உள்ளே போய்விட்டதா, மேலேயே நிற்கிறதா என்பதை, செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுக்கும். வளர்ப்புத் திரவத்தில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் இருந்தால் அதன் புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்ளும்; செல் விழுங்கும் அளவே மாறிவிடும். நடுவில் பாக்டீரியா புகுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் அல்லது விலங்கியல் போதும். அப்புறம் ஜி.ஏ.டி.-பி. என்ற நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் எம்.எஸ்சி. படிப்புகளில் மாத உதவித்தொகையோடு சேரலாம். இடையில் மூன்று தேசிய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி இருக்கிறது. தேர்வானால் இரண்டு மாதம் பெரிய ஆய்வகத்தில் வேலை பழகலாம். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு (நீட் அல்ல) எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

'நானோ டெக்னாலஜி' என்று பெயர் வைத்து லட்சங்களில் கட்டணம் கேட்கும் கல்லூரி என்றால், செல் வளர்ப்பு லேபைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் கையால் செய்கிறார்களா, தள்ளி நின்று பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முனைவர் பட்டம் வரை போனால் பத்து வருடம்கூட ஆகும். சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பிறகுதான் இவளுக்குச் சம்பளம் வரும். அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அண்ணனுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன்.