அடுக்குப் பட்டையின் தலையில் மொத்தம் வர என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கப் பேரவைக் கூட்டத்துக்காக, மாதவாரியாக ‘உள்ளூர் விற்பனை’, ‘ஒன்றியத்துக்கு அனுப்பியது’ இரண்டையும் எக்செல்லில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குப் பட்டை வரைபடமாகப் போட்டேன். ஏப்ரலுக்கு 4 என்று கொடுத்தால் கீழே 1 என்று காட்டுகிறது. ஜூலையில் ஒன்றியத்தின் பங்கே காணோம். மேலே மொத்த லிட்டரும் வரவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் 1,500 ரூபாய்க்கு ‘ரெடிமேட் டெம்ப்ளேட்’ தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி விற்கும் ஃபைல்கள் பல பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவை. அடுத்த ஆண்டு ஒரு வரிசை கூட்ட வேண்டுமென்றால் மறுபடி அவரிடமே போய் நிற்க வேண்டும். திறந்ததும் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தச் சொன்னால் உள்ளே மேக்ரோ, அதாவது தானாக ஓடும் சிறு நிரல், இருக்கக்கூடும். அடுக்குப் பட்டைக்கு மேக்ரோ எதற்கு? வரைபடத்தை வெறும் படமாக ஒட்டித் தருகிறவர்களும் உண்டு. அதில் ஒரு எண்ணைக்கூடத் திருத்த முடியாது.

ஏப்ரல் 1 ஆனதற்குக் காரணம், மாதத்தை எண்ணாக அடித்தது. எக்செல் அதையும் பால் கணக்கு என்று எண்ணிப் பட்டையில் அடுக்கிவிட்டது. ஆயிரக்கணக்கான லிட்டருக்கு நடுவே 4 கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏப்ரல், மே என்று எழுத்தில் அடியுங்கள்.

ஜூலைதான் ஆபத்தானது. அந்தக் கட்டத்தில் ‘7,850 லி’ என்று அடித்திருப்பீர்கள், அல்லது வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியதில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டிலும் எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து. பட்டையின் உயரம் பூஜ்யம். இதைவிட மோசம், ‘சம்’ ஃபார்முலாவும் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. தணிக்கையில்தான் தெரியும். அந்த நெடுவரிசையின் பன்னிரண்டு மாதக் கட்டங்களுக்கு, எண்களை மட்டும் எண்ணும் ‘கவுண்ட்’ ஃபார்முலா போட்டுப் பாருங்கள். 12 வர வேண்டும். 11 வந்தால் ஒரு கட்டம் எழுத்தாகக் கிடக்கிறது. எண் இடப்பக்கம் ஒட்டி நின்றாலும் அதே சந்தேகம்தான். அழித்துவிட்டு வெறும் 7850 என்று அடியுங்கள். ‘லி’ வேண்டுமென்றால் கன்ட்ரோல், 1 சேர்த்து அழுத்தி, கஸ்டமில் #,##0" லி" என்று கொடுங்கள். எண் எண்ணாகவே இருக்கும்.

இனி மொத்தம். கூகுள் ஷீட்ஸில் இதற்கு ‘டோட்டல் டேட்டா லேபிள்ஸ்’ என்று ஒரு டிக் போதும். இத்தனை வருடமாக விற்கும் எக்செல்லில் சுற்றி வளைக்கத்தான் வேண்டும். மூன்றாவது நெடுவரிசையாக ‘மொத்தம்’ சேருங்கள். கடைசி வரியில் உள்ள ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் தேர்வில் சேர்க்காதீர்கள். அது சேர்ந்தால் மற்ற பட்டைகள் குட்டையாகிவிடும். இன்சர்ட் மெனுவில் ‘ஸ்டாக்டு காலம்’ (Stacked Column) போடுங்கள். பக்கத்திலுள்ள 100% வேண்டாம், அதில் எல்லாப் பட்டையும் ஒரே உயரம்.

மொத்தத்தின் நிறத்தில் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் சீரிஸ் சார்ட் டைப்’ போய், மொத்தத்துக்கு மட்டும் ‘லைன்’ கொடுங்கள். ‘செகண்டரி ஆக்சிஸ்’ டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் எண் பட்டையின் தலையில் உட்காராது. கோட்டில் ரைட் கிளிக், ‘ஆட் டேட்டா லேபிள்ஸ்’, இடம் ‘அபவ்’. பிறகு கோட்டுக்கு ‘நோ லைன்’. நிறக்குறிப்பில் ‘மொத்தம்’ என்பதை மட்டும் தேர்ந்து அழியுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்துத்தானே உறுப்பினர்களுக்குக் கொடுப்பீர்கள்? நீலமும் ஆரஞ்சும் ஒரே சாம்பலாகிவிடலாம். ஒன்றுக்கு அடர் நிறம், மற்றதற்கு வெளிர் நிறம் வையுங்கள்.