பாட்டுக் குழு, நீச்சல் குழு: மாணவிகள் கேட்கிறார்கள்

கல்லூரியில் பாட்டுக் குழுவிலோ நீச்சல் குழுவிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் சேலம் வட்டார மாணவிகளின் கேள்விகளுக்கு இந்த இதழில் இசை ஆசிரியை ஒருவரும் நீச்சல் பயிற்சியாளர் ஒருவரும் பதில் சொல்கிறார்கள்.

ஃப்ரீஸ்டைலில் பத்துக் கை போடுவதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. பாட்டில் மட்டும் நீளமான சங்கதியைக்கூட ஒரே மூச்சில் பாடிவிடுவேன். நீச்சலில் ஏன் இப்படி?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

காற்று போதாமல் முட்டவில்லை. உள்ளே இருக்கும் காற்றை நீங்கள் வெளியே விடாததால்தான் முட்டுகிறது. முகம் தண்ணீருக்குள் போனதும் புதிதாகக் கற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்துக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் இருக்காது. ஒவ்வொரு முறையும் பாதிக் காற்று உள்ளேயே தங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூச்சுத் திணறுவதுபோலத் தோன்றும்.

பாடத் தெரிந்தவருக்கு இதைச் சரிசெய்வது எளிது. இடுப்பளவு தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வாயால் மூச்சை இழுத்து, வாயை மூடி, முகத்தைக் காது வரை அமிழ்த்தி, 'ம்ம்ம்' என்று உங்கள் ஷட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, பிடியுங்கள். அந்த ரீங்காரம் நிற்காத வரை மூக்கு வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் மூக்கில் தண்ணீர் ஏறாது. முதலில் நான்கு எண்ணிக்கை போதும். பழகியதும் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒரு வகுப்பில் இதைப் பத்து முறை செய்யலாம். குமிழி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக வர வேண்டும். முதலில் குபீரென்று வந்து நின்றுவிட்டால் தொண்டையை இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

அது கைவந்த பிறகு சுவரை உதைத்துச் சறுக்குவது, அடுத்து கிக் போர்டு, அதன் பிறகு பக்கவாட்டு மூச்சு. பக்கவாட்டில் திரும்பும்போது ஒரு காதும் காகிள்ஸின் ஒரு கண்ணும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்: திருப்புவதற்குப் பதிலாகத் தலையைத் தூக்கிவிடுகிறார்கள். தலை மேலே வந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், பிறகு எவ்வளவு உதைத்தாலும் முன்னே போக முடியாது. 25 மீட்டரை ஒரே வீச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஆறு கை போட்டுவிட்டு நில்லுங்கள், மறுபடி ஆறு கை. மூச்சு சீராக இருந்தால் தூரம் தானாகக் கூடும்.

பாட்டுக்கு மூச்சு நீள வேண்டும் என்று, தண்ணீருக்கடியில் யார் அதிக நேரம் இருக்கிறோம் எனத் தோழிகள் போட்டி வைக்கிறோம். பலன் உண்டா?
– வாசகி, ஆத்தூர்

தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக நாலைந்து முறை மூச்சிழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி உடலை உந்துவது அந்த வாயுதான். உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே நெஞ்சளவு தண்ணீரில் இப்படி இறந்திருக்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் முங்கியவள் இன்னும் போட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பாட்டுக்கு வேண்டியது அடக்கும் மூச்சு அல்ல, அளந்து விடும் மூச்சு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணிக்கையில் இழுத்து, 'ஸ்ஸ்' என்று பன்னிரண்டு எண்ணிக்கைக்கு விடுங்கள். சில வாரங்களில் பதினாறு, பிறகு இருபது. தலை சுற்றினால் உடனே விட்டுவிடுங்கள்.

காலையில் நீச்சல், மாலையில் பாட்டு ஒத்திகை. குரல் கரகரக்கிறது. ஈரத் தலையோடு இருந்தால் சளி பிடிக்கும் என்று அம்மா நீச்சலையே விடச் சொல்கிறார்.
– வாசகி, சூரமங்கலம்

சளி வைரஸால் வருவது, ஈரத் தலையால் அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தலையைத் துவட்டிக்கொள்வது நல்லதுதான், ஆனால் அதற்காக நீச்சலை விட வேண்டியதில்லை.

கரகரப்புக்கு மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது, குளத்தில் நின்றுகொண்டு கத்திப் பேசுவது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரலை எழுப்பியே தொண்டை களைத்துவிடும். அடுத்தது, தண்ணீர் குடிக்காதது. நீந்தும்போதும் வியர்க்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. மூன்றாவது குளத்துக் காற்று. கண் எரிந்து, 'குளோரின் வாசனை' தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி. குளத்தில் எதோடும் சேராத தனிக் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அன்றைய அளவை எழுதி வைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினாலே நெடி குறையும்.

நீச்சலுக்கும் ஒத்திகைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். உங்களுக்குக் காலை, மாலை என்று இருப்பதால் அது சிக்கல் இல்லை. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இடுப்பு வரை முடி. தொப்பி நிற்கவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கலாமா?
– வாசகி, ஓமலூர்

வழிய வழிய எண்ணெய் வேண்டாம். தொப்பி வழுக்கும், எண்ணெய் ஃபில்டரில் போய் அடைக்கும். இறங்கும் முன் ஷவரில் முடியை நன்றாக நனையுங்கள். நல்ல தண்ணீரை முதலில் குடித்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். தளர்வாகப் பின்னி, கொண்டையைப் பிடரியில் போடாமல் உச்சந்தலையில் தட்டையாகச் சுற்றுங்கள். பிடரிக் கொண்டைதான் தொப்பியைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. நீள முடிக்கென்றே பின்புறம் அகலமாக வரும் சிலிகான் தொப்பியை வாங்கி, நெற்றியில் நீங்கள் பிடித்துக்கொள்ள, தோழி பின்னால் இழுத்து மாட்டட்டும். கரையேறியதும் உடனே அலசுங்கள். எண்ணெய் இரவில் வைத்துக்கொள்ளலாம்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்திச் சுடிதாரோடு இறங்காதீர்கள், துப்பட்டா கூடவே கூடாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றும். கை, கால் மூடிய பாலியஸ்டர் நீச்சலுடை கிடைக்கிறது, பயிற்சிக்கு அது போதும். உலக நீச்சல் விதிப்படி, குளத்துப் போட்டியில் பெண்களின் உடை முழங்காலைத் தாண்டக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, கழுத்தை மூடக் கூடாது. கல்லூரிப் போட்டிகளில் என்ன அனுமதி என்று பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நாட்களில் நீந்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

நீந்தலாம். நாப்கின் மட்டும் தண்ணீரில் பயன்படாது, தண்ணீரையே உறிஞ்சி உப்பிவிடும். டாம்பான் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் வேண்டும். கப்பை முதன்முதலாகக் குளத்துக்கு வரும் நாளில் முயலாமல், அதற்கு முன் ஓரிரு மாதம் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். டாம்பானை நீந்தி முடித்ததும் மாற்றுங்கள், எப்படியும் எட்டு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். வலியோ சோர்வோ இருந்தால் அன்று கரையில் இருங்கள். குழுத் தலைவி அதற்குக் காரணம் கேட்காமல் இருப்பது ஒரு நல்ல வழக்கம். எல்லாக் குழுக்களிலும் அது வர வேண்டும்.

ஆண் பாடகர் பாடிய பாட்டைக் குழுவாகப் பாடினால் ஒன்று அடிக்குரலில் முனகல், இல்லாவிட்டால் கீச்சு. முடிக்கும்போது சுருதியும் இறங்கிவிடுகிறது.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதிவில் இருக்கும் சுருதியிலேயே பாடுவதுதான் சிக்கல். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்). பெண்களுக்கு நாலரையிலிருந்து ஐந்தரை வரை பொருந்தும். முதலில் பாட்டின் உச்ச ஸ்வரத்தையும் அடி ஸ்வரத்தையும் கண்டுபிடியுங்கள். மேலே தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) காந்தாரம், கீழே மந்த்ர (கீழ் ஸ்தாயி) நிஷாதம் என்றால் ஐந்து கட்டை கச்சிதம். மேலே தார பஞ்சமம் வரை போனால் நாலரைக்கு இறக்குங்கள். மேலே தார பஞ்சமம், கீழே மந்த்ர பஞ்சமம் என்றால் அது முழு இரண்டு ஸ்தாயி. எல்லோரையும் எல்லா வரியும் பாட வைக்காதீர்கள். கனத்த குரல்களுக்குக் கீழ் வரிகளையும் மெல்லிய குரல்களுக்கு மேல் வரிகளையும் பிரித்துக் கொடுங்கள். ஒரு கட்டையில் இருக்கும் பாட்டை ஐந்துக்குக் கொண்டுபோக, கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் கூட்டல் 7 அல்லது கழித்தல் 5 வையுங்கள்.

சுருதி இறங்குவதற்குக் காரணம், வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுவது. கடைசி அசையில் காற்று இல்லாமல் ஸ்வரம் தொய்யும். அடுத்த வரி அந்தத் தொய்ந்த இடத்திலிருந்தே தொடங்கும். மூன்றாவது முறை பல்லவிக்குத் திரும்பும்போது சுருதிப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மருந்து இதுதான்: பாட்டுத் தாளில் ஒவ்வொருவரும் மூச்செடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும், பக்கத்துப் பெண் குறித்த இடத்தில் நீங்கள் குறிக்கக் கூடாது. ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையின் நடுவில் ஒருத்தி சத்தமில்லாமல் விலகி, மூச்செடுத்து, மெல்லச் சேர்ந்துகொள்ளலாம். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது.

போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்று: பல்கலைக்கழக இளைஞர் விழாக்களின் இந்தியக் குழுப் பாடல் பிரிவில் வழக்கமாக 6 பேர் பாடலாம், 3 பேர் வாத்தியம் வாசிக்கலாம், நேரம் 10 நிமிடம், சினிமாப் பாட்டு கூடாது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஆண்டின் விதித் தாளை வாங்கிப் படித்துவிடுங்கள்.

இரண்டு குழுவும் சேர்ந்து ஏற்காடு போகிறோம். மாலையில் மேடையில் பாட வேண்டும். அங்கே எங்காவது நீந்தவும் முடியுமா?
– வாசகி, கன்னங்குறிச்சி

நீந்த வேண்டாம். ஏற்காடு ஏரி படகு விடுவதற்கானது. கிளியூர் அருவியில் பாறை வழுக்கும், தண்ணீரின் வேகமும் ஆழமும் மேலே நின்று பார்த்தால் தெரியாது. தெளிந்த குளத்தில் 50 மீட்டர் நீந்துகிறவர் என்பது அங்கே எந்தப் பாதுகாப்பும் அல்ல. படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டுங்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்குப் பயந்து பஸ் ஏறும்போது அவோமின் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அது தூக்கம் வரவழைக்கும், வாயையும் தொண்டையையும் உலர்த்தும், மாலை வரைகூட அதன் பிடி இருக்கலாம். பாடும் பெண்களுக்கு மாத்திரை இல்லாமல் முடியுமா என்று பாருங்கள்: அரை வயிறாகச் சாப்பிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் எதிரே சாலையைப் பார்த்து வந்தால் பலருக்கு அதுவே போதும். வாந்தி நிச்சயம் வரும் என்பவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு, மாலைக்குள் அதன் பிடி தளர நேரம் கிடைக்கும்படி காலை பஸ்ஸிலேயே ஏறிவிடட்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், இருட்டியதும் குளிரும். மேடைக்குப் பின்னால் கழுத்தை மூடிக்கொண்டு, வெந்நீர் குடித்து, பத்து நிமிடம் வாய் மூடிய ரீங்காரத்தில் குரலைச் சூடாக்குங்கள். உச்சஸ்தாயி அதிகம் இல்லாத பாட்டை முதலில் வையுங்கள்.